பதினொன்றாம் தாள்

பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம்
மூன்று பேர் அவரைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.
இந்தப் பக்கம் முகம் மட்டும்.
முகத்துக்கு எதிரே ஸ்டூலில் நான்,
மடியில் எண்பது பட அட்டைகள்.

ராதோவான் ஷ்கெர்க், ஐம்பத்து மூன்று வயது,
த்ரியெஸ்தே துறைமுகத்தில் ஏழாம் கிரேனை ஓட்டுபவர்.
வீட்டில் ஸ்லொவேனியம், வேலையில் இத்தாலியம்.
விழித்துத்தான் இருக்கிறார்.
வலிக்கிறதா என்றேன்.
"மூக்கு அரிக்கிறது."
சொறிந்துவிட்டேன்.
உடம்பின் வலியையெல்லாம் கணக்கில் வைக்கும் உறுப்பு,
அதைத் தொட்டால் அதற்கு வலிப்பதில்லை.

மின்முனை இறங்குகிறது.
"ஒன்று" என்கிறார் டாக்டர் அப்பொல்லோனியோ.
வலது கட்டைவிரல் எழுந்து நிற்கிறது,
சாலையோரம் லிஃப்ட் கேட்பவனைப்போல.
"அது நானில்லை" என்கிறார் ராதோவான்.
தொட்ட இடத்தில் ஒரு துண்டுத் தாள்,
நகத்தளவு, அதில் எண்.

மூன்றில் உதட்டோரம் இழுத்தது.
நான்கில் ஒன்றுமில்லை. ஐந்திலும்.
அந்த ஊமை இடங்கள்மேல்தான் எனக்குக் கண்.
அவற்றுக்கு வேலையே இல்லையா,
நாங்கள் கேட்கத் தெரியாமல் கேட்டோமா?

ஆறில்,
எண்ணிக்கொண்டே வந்தவர்
பதினேழுக்குப் பிறகு வாய் திறந்தபடி நின்றார்.
கண் மட்டும் என்னிடம் எதையோ முறையிட்டது.
முனையை எடுத்ததும் வந்தது பதினெட்டு,
தாமதமான பேருந்து மாதிரி,
ஒரு மன்னிப்பும் கேட்காமல்.

எட்டில் குடை அட்டையைக் காட்டினேன்.
"இது ஒரு… இது… மழைக்கு…
போரா காற்றடித்தால் முறிந்து
தெருவெல்லாம் குப்பைத்தொட்டிகளில் கிடக்குமே!"
எல்லாம் தெரிகிறது, பெயர் போய்விட்டது.
ஸ்லொவேனியத்தில் கேட்டேன்.
"தெஷ்னிக்" என்றார்
அதே இடத்தில், அதே மின்சாரத்தில்,
துளியும் நனையாமல்.

ஒரு விரற்கடை தள்ளிப் பதினொன்று.
அங்கே இத்தாலியக் குடை விரிந்தது,
மற்றது காணாமல் போனது.
கட்டியின் கடைசி நுனி
அந்தத் தாளுக்கு அடியில்தான் போகிறது.

முந்தின வாரமே கேட்டிருந்தோம்:
ஒரு மொழிதான் மிஞ்சும் என்றால், எது?
"வின்ச் சிக்கிக்கொண்டால் நான் எதில் திட்டுவேனோ, அது."
மனைவி நெவென்கா சிரித்துவிட்டாள்.
"பாதி வாக்கியம் இதில் திட்டுவார்,
அம்மாவைப் பற்றிய பாதி அதில்."
படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

இப்போது வெட்டுகிறார்கள், பதினொன்றை நோக்கி,
மில்லிமீட்டர் மில்லிமீட்டராக.
நான் அட்டை அட்டையாகத் தள்ளுகிறேன்.
சாவி. சரி.
முள்ளம்பன்றி. சரி.
கொக்கு.
"ஷெர்யாவ்" என்றார். கொஞ்சம் பொறுத்து,
"அறுபது டன் தூக்கும்."

அவருடைய இரண்டு மொழியிலும்
கொக்குக்கும் கிரேனுக்கும் ஒரே பெயர்.
"பிழையா?" துணிக்கு அந்தப் பக்கமிருந்து குரல்.
அவருடைய இடது கை, துணிக்கடியில்,
அங்கே இல்லாத ஒரு நெம்புகோலைப் பிடித்துத் தள்ளியது.
"பிழையா, இல்லையா?"
"நிறுத்துங்கள்" என்றேன்.

நிறுத்தினார்கள்.
பதினொன்றின் கீழே மிஞ்சியதை அப்படியே விட்டு
எலும்பை மூடினார்கள்.

மூன்றாம் நாள், ஆப்பிள் ஜூஸ் உறிஞ்சியபடி
இரண்டு மொழியையும் கலந்து என்னிடம் சொன்னார்:
"அந்தக் கொக்கு… சும்மா வேடிக்கைக்குத்தான் சொன்னேன்.
நீங்கள் ரொம்ப பயந்த மாதிரி இருந்தீர்கள்."

சிரித்தேன். வேறென்ன செய்ய?

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன்.
மிச்சம் அப்படியே இருக்கிறது என்கிறார்கள்,
'இப்போதைக்கு' என்பதைத் தனியாக நிறுத்திச் சொல்கிறார்கள்.
என் மண்டைக்குள் எந்த மடிப்பு அன்று
"நிறுத்துங்கள்" என்றது?
அங்கே யாரும் தாள் வைத்துப் பார்க்கவில்லை.

ஐந்தாம் மாடி ஜன்னலிலிருந்து துறைமுகம் தெரியும்.
ஏழாம் கிரேன் இன்று அசையவில்லை.
காற்று அதிகமென்றால் நிறுத்திவைப்பார்கள்.
கண்ணாடியில் கை வைத்துப் பார்த்தேன்,
காற்றா என்று தெரியவில்லை.